துணிக்குத் தடை போட்ட சட்டமும் ஒரு பொருளாதாரப் பேராசிரியரும்

ஒரு பொருளின் விலையைத் தீர்மானிப்பது எது? பி.காம். முதல் வருஷத்தில் நாம் எல்லோரும் எழுதிய பதில்: தேவையும் அளிப்பும். மார்க்கும் கிடைத்தது. ஆனால் அரசியலுக்கும் அதில் பங்கு உண்டு என்பதைப் பழைய கதை ஒன்றை வைத்தே ஆராய்ந்தவர் பேராசிரியர் பி.ஜே. தாமஸ்.

கேரளத்துக்காரர். ஆக்ஸ்போர்டில் படித்தவர். 1927 முதல் 1942 வரை சென்னைப் பல்கலைக்கழகத்தில் பொருளாதாரப் பேராசிரியர். இங்கிலாந்துக்கும் இந்தியாவுக்கும் நடந்த வாணிபம் பற்றிய அவருடைய ஆய்வு நூல் 1926இல் வெளிவந்தது.

அந்தக் கதைக்கும் நம் திருவள்ளூர் மாவட்டத்துக்கும் சம்பந்தம் உண்டு. கும்மிடிப்பூண்டிக்குக் கிழக்கே இருக்கும் பழவேற்காட்டில் டச்சுக்காரர்கள் 1613லேயே கோட்டை கட்டிவிட்டார்கள். வந்தது துணிக்காகத்தான். பின்னால் மதராஸுக்கு வந்த ஆங்கிலேயரும் இதே கரையோரத்துத் துணியை வாங்கிக் கப்பலேற்றினார்கள்.

லண்டனில் நம் பருத்தித் துணிக்கு ஒரே மவுசு. லேசானது, துவைக்கலாம், விலையும் குறைவு. அங்கே கம்பளியும் பட்டும் நெய்தவர்களுக்கு வேலை போயிற்று. 1697இல் கம்பெனியின் அலுவலகத்தையே தாக்கினார்கள். 1700இல் பார்லிமெண்ட் சட்டம் போட்டது: இந்தியாவிலிருந்து சாயம் அச்சிட்ட துணியை அங்கே விற்பதற்காகக் கொண்டுவரக் கூடாது!

வெள்ளைத் துணிக்குத் தடையில்லை. எனவே அதை வாங்கி லண்டனிலேயே அச்சடிக்க ஆரம்பித்தார்கள். நெசவாளர்களுக்கு மறுபடி கோபம். 1719இல் தெருவில் போன பெண்களின் உடையைக் கிழித்தார்கள். 1721இல் இன்னொரு சட்டம். இந்தத் துணியை உடுத்தினாலே 5 பவுண்டு அபராதம்!

இந்தத் தடைகளின் நிழலில் இங்கிலாந்தின் பருத்தித் தொழில் வளர்ந்தது. 1774இல் அங்கேயே நெய்த பருத்தித் துணிக்கு மட்டும் தடை நீங்கியது. அடுத்த நூற்றாண்டில் அவர்களுடைய மில் துணி நம் சந்தைக்கே வந்து இறங்கியது. இயந்திரத்தின் பங்கை மறுக்கவில்லை. ஆனால் லண்டன் நெசவாளி பார்லிமெண்ட் வாசலில் போய்க் கத்த முடிந்தது. நம்ம ஊர் நெசவாளிக்கு அந்த வாசல் எங்கே இருக்கிறது என்றுகூடத் தெரியாது.

தாமஸ் நூலகத்தோடு நின்றுவிடவில்லை. அவருக்கு முன் பேராசிரியராக இருந்த கில்பர்ட் ஸ்லேட்டர், மாணவர்களைக் கிராமங்களுக்கு அனுப்பி எடுத்த ஆய்வை 1918இல் வெளியிட்டிருந்தார். அதே கிராமங்களை 1930களில் மறுபடி ஆராய வைத்தார் தாமஸ். கே.சி. ராமகிருஷ்ணனுடன் சேர்ந்து அவர் பதிப்பித்த அந்த மறு ஆய்வு 1940இல் நூலாயிற்று. பொருளாதாரத்தைக் கணக்குப் புத்தகத்தில் மட்டும் தேடக் கூடாது என்பதற்கு இதைவிட நல்ல பாடம் வேண்டுமா?

இன்று கும்மிடிப்பூண்டி சிப்காட்டைப் பாருங்கள். சிப்காட் 1971இல் தொடங்கிய அரசு நிறுவனம். தொழிற்பேட்டை எந்த ஊரில், யாருக்கு என்ன சலுகை என்பதெல்லாம் சந்தை தானாக எடுத்த முடிவுகள் இல்லை. அரசு எடுத்தவை. வேலை வந்தது, உண்மை. முடிவெடுத்தபோது யாருடைய குரல் கேட்டது, யாருடையது கேட்கவில்லை?

பரீட்சையில் தேவை, அளிப்பு என்றே எழுதுங்கள் நண்பர்களே. வெளியே வந்ததும் இந்தக் கேள்வியையும் சேர்த்துக் கேட்டுப் பாருங்கள்.