எழும்பூரில் கூடிய பிள்ளைகளின் நியாயசபை

பழைய திண்ணைப் பள்ளிக்கூடங்களில், வயதிலும் படிப்பிலும் ஏற்றத்தாழ்வுடைய அநேகம் பிள்ளைகளை உபாத்தியாயர் ஒருவரே கட்டி மேய்க்க வேண்டியிருந்தமையால், சற்றே தேறிய மாணாக்கன் ஒருவனைச் சட்டாம்பிள்ளையாக நியமித்து, மற்றவர்க்குப் பாடம் சொல்லிக்கொடுக்கும் பொறுப்பையும் அவர்களை அடக்கிவைக்கும் அதிகாரத்தையும் ஒருங்கே அவனிடம் ஒப்படைப்பது வழக்கம். குறும்பு செய்தவனுக்கும் பாடம் ஒப்பிக்காதவனுக்கும் குட்டும் பிரம்படியும் தோப்புக்கரணமும் அன்றாடப் பிரசாதங்கள். இவற்றுக்கும் அடங்காதவனைக் கயிற்றில் தொங்கவிடும் கோதண்டமும் உண்டு.

பல்லாரி ஜில்லாக் கலெக்டராயிருந்த காம்பெல் துரை, அந்த ஜில்லாவின் பள்ளிகளைப் பற்றி 1823-இல் எழுதிய அறிக்கையில், காலையில் முதலில் வரும் பையனின் உள்ளங்கையில் சரஸ்வதியின் நாமத்தை எழுதுவதையும், இரண்டாமவன் கையில் வெறும் சுழி இடுவதையும், மூன்றாமவனுக்கு மெல்லிய அடி ஒன்று, நான்காமவனுக்கு இரண்டு என்று பின்வருவோர்க்கெல்லாம் ஒவ்வொன்றாகக் கூட்டிக்கொண்டே போவதையும் விவரித்திருக்கிறார். சோம்பேறிப் பிள்ளையை இரு கைகளையும் பிணித்துக் கூரையிலிருந்து தொங்கவிடுவதையும் குறித்துவைத்த அவரே, தேறியவர் தேறாதவர்க்குக் கற்பிக்கும் ஏற்பாட்டைச் சிலாகித்து, இங்கிலாந்து அதைக் கைக்கொண்டது தகும் என்றும் எழுதினார்.

அந்த ஏற்பாட்டை இங்கிலாந்துக்குக் கொண்டுபோனவர், 1787-இல் இந்தியாவுக்கு வந்த ஆண்ட்ரூ பெல் என்னும் ஸ்காட்லாந்துப் பாதிரியார். படைவீரர்களின் அநாதைப் புதல்வர்களுக்காக 1789-இல் எழும்பூரில் திறக்கப்பட்ட ஆசிரமத்துக்கு அவர் தலைவரானார். நாட்டுப் பள்ளியொன்றில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதக் கண்டு, அம்முறையைத் தம் பள்ளியிலும் நடத்த அவர் விரும்பியபோது, கீழிருந்த உபாத்தியாயர் அது நடவாத காரியமென்று மறுத்துவிடவே, பிரிஸ்கன் என்ற எட்டு வயதுச் சிறுவனிடம் அவ்வகுப்பை ஒப்புவித்தார். சிறுவன் அதைச் செவ்வனே நடத்திக்காட்டினான்.

பாடம் சொல்லும் பொறுப்பைப் பிள்ளைகளிடம் கொடுத்த பெல், நியாயம் வழங்கும் பொறுப்பிலும் அவர்களுக்குப் பங்கு கொடுத்தார் என்பதே நாம் ஊன்றி நோக்கத்தக்கது. சோம்பல், முறைகேடு முதலிய குற்றங்கள் கறுப்புப் புத்தகம் ஒன்றில் பதிவாகும். வாரந்தோறும் பள்ளி முழுவதும் கூடியிருக்க அப்புத்தகம் வாசிக்கப்படும். பன்னிரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட பையன்கள் ஜூரிகளாக அமர்ந்து, குற்றத்தை விசாரித்துத் தண்டனையை நிர்ணயிப்பார்கள். ஜூரிகளைப் பொறுக்கியெடுக்கும் உரிமை பெரியவர்களிடமே இருந்தமையால் அதைப் பூரண சுயராஜ்யம் என்று சொல்வதற்கில்லை. எனினும், பையன்களின் தீர்ப்புக்கு ஒரு மதிப்பு உண்டென்று ஒப்புக்கொண்ட ஏற்பாடு அது.

1796-இல் தாயகம் திரும்பிய பெல், மறுவருஷம் லண்டனில் தம் பரிசோதனையை நூலாக வெளியிட்டார். அதே வழியில் பள்ளி நடத்திப் பிரசித்தி பெற்ற ஜோசப் லங்காஸ்டர், பிரம்பை வெறுத்தவராயினும், குற்றவாளியின் கழுத்தில் மரக்கட்டையைப் பூட்டுவதையும், கூடையில் வைத்து மேலே தூக்கிச் சகமாணாக்கரின் நகைப்புக்கு இலக்காக்குவதையும் கைக்கொண்டார். உடல் வலிக்குப் பதிலாக அவமானம் வந்தது. தண்டிக்கும் மனோபாவம் மாறவில்லை.

மதராஸ் முறை என்று பெயர் பெற்ற இவ்வேற்பாடு சீமையெங்கும் விரைந்து பரவியதற்குக் காரணம் வெளிப்படை: சம்பளமில்லாத சட்டாம்பிள்ளைகளைக் கொண்டு ஓர் உபாத்தியாயர் நூற்றுக்கணக்கானோரை நடத்த முடிந்தது, செலவு குறைந்தது. பிள்ளைகளை விசாரணையில் அமர்த்துவதாலோ அப்படிப்பட்ட மிச்சம் எதுவும் இல்லை. உபாத்தியாயர் தம் அதிகாரத்தில் ஒரு பகுதியை விட்டுக்கொடுக்க வேண்டும் என்ற கஷ்டமே உண்டு.

2009-ஆம் வருஷத்துக் கல்வி உரிமைச் சட்டம் உடல் தண்டனையையும் மன உளைச்சல் தருவதையும் நம் நாட்டில் விலக்கிவிட்டது. ஆனால் இரண்டு பையன்கள் சண்டையிட்டுக்கொண்டால் யார் கேட்பது, எப்படித் தீர்ப்பது என்பதைச் சட்டம் சொல்லிவிட முடியாது. சட்டாம்பிள்ளையின் கையில் பிரம்பைக் கொடுத்தால் அவன் இன்னொரு வாத்தியாராவான். வழக்கின் இரு பக்கத்தையும் கேட்கும் கடமையைக் கொடுத்தாலோ, அடுத்த முறை தானே சண்டையில் இறங்குமுன் சற்று யோசிப்பான்.