நுவரெலியா: மலையும் தண்ணீரும் மக்களும்

மவுசாக்கலை நீர்த்தேக்கம் வற்றும்போது பழைய மஸ்கெலியா நகரம் வெளியே வரும். ஹட்டனிலிருந்து பஸ்ஸில் போகையில் ஒரு வறட்சிக் காலத்தில்தான் அதை முதலில் பார்த்தேன். சேற்று நிலம், நடுவே கோயிலின் கற்கள். பக்கத்தில் இருந்த அம்மா, "அந்தா, அதுதான் எங்க பழைய டவுன்" என்று கையைக் காட்டினார். 1969இல் அணை வந்தபோது நகரம் மேட்டுக்கு நகர்ந்தது.

1,741 சதுர கிலோமீற்றர் பரப்புள்ள நுவரெலியா மாவட்டத்தைப் புரிந்துகொள்ளத் தண்ணீர் ஓடும் திசையைப் பார்த்தால் போதும். நாட்டின் மிக உயர்ந்த சிகரமான பிதுருதலாகலை (2,524 மீற்றர்) இங்கேதான் இருக்கிறது. ஹட்டனைக் கடந்து டிக்கோயாப் பக்கம் இறங்கினால் ஓடைகளெல்லாம் களனி கங்கைக்குப் போகும். தலவாக்கலைப் பக்கம் மகாவலிக்கு. கெசெல்கமு ஓயாவை காசல்ரீயிலும், மஸ்கெலி ஓயாவை மவுசாக்கலையிலும் மறித்திருக்கிறார்கள். லக்சபான மின்நிலையங்கள் இந்த நீரில்தான் ஓடுகின்றன. பிறகு அதே நீர் கொழும்பின் குடிநீர்க் குழாய்க்கும் போகிறது. கொத்மலை அணை 1985இலும், மேல் கொத்மலை 2012இலும் வந்தன.

வெள்ளைக்காரர்கள் முதலில் நட்டது கோப்பி. 1869இல் இலைநோய் பரவி, சில ஆண்டுகளில் கோப்பித் தோட்டங்கள் அழிய, தேயிலை வந்தது. இரயில் 1884இல் ஹட்டனையும் அடுத்த ஆண்டில் நானுஓயாவையும் எட்டியது. டன்சினன், எடின்பரோ, டன்கெல்ட் என்று துரைமார் தங்கள் ஊர்ப் பெயர்களைத் தோட்டங்களுக்கு வைத்தார்கள். மன்னாரிலிருந்து காட்டுவழியே நடந்து வந்தவர்களின் ஊர்ப் பெயர் எந்தப் பலகையிலும் இல்லை.

1947 தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் ஏழு ஆசனங்களை வென்றது. நுவரெலியாவில் சௌமியமூர்த்தி தொண்டமான். மறுவருடமே பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. 1952இல் அந்த ஏழில் ஒன்றுகூட மிஞ்சவில்லை. 1964இன் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3 இலட்சம் பேரை இலங்கைக்கும் எனப் பிரித்தது. எஞ்சிய 1,50,000 பேரின் கணக்கை முடிக்க இன்னும் பத்து வருடம் எடுத்தது. குடியுரிமைப் பிரச்சினை சட்டப்படி தீர்ந்தது 2003இல்.

2012 சனத்தொகைக் கணக்கெடுப்பில் மாவட்டத்தில் 7 இலட்சத்துக்கு மேற்பட்டோர். பாதிக்கும் அதிகமானவர்கள் மலையகத் தமிழர். அப்போது இருந்தவை ஐந்து பிரதேச செயலகப் பிரிவுகள்தான். அவற்றில் நுவரெலியா, அம்பகமுவ இரண்டிலும் தலா 2 இலட்சத்துக்கு மேல். பொகவந்தலாவையிலிருந்து ஒரு கையெழுத்துக்காகக் கினிகத்தேனைக்குப் போனால் அன்றைய பேரு போச்சு. 2019இல்தான் நோர்வூட், தலவாக்கலை உள்ளிட்ட புதிய பிரிவுகளுக்கு வர்த்தமானி வந்தது.

பஸ்ஸில் அந்த அம்மாவிடம் முகவரி கேட்டேன். தோட்டத்தின் பெயரைச் சொன்னார், பிறகு டிவிஷன், பிறகு லயத்தின் இலக்கம். வீதிப் பெயர் கேட்டதற்குச் சிரித்தார். "தொரை ஆபிசுக்குப் போடுங்க, வந்துரும்."