ஐதராபாத் மேயர் நாற்காலி

ஐதராபாத்தில் கமிஷனர் மூத்தவர், மேயர் இளையவர். 1869இல் நிஜாமின் திவான் முதலாம் சாலார் ஜங் நகராட்சித் துறையை ஏற்படுத்தி ஒரு கமிஷனரை நியமித்தார். மக்கள் தேர்ந்தெடுத்த மன்றத்தின் மேயர் வந்து உட்கார 1951 ஆயிற்று. இடையில், 1908 மூசி ஆற்று வெள்ளத்துக்குப் பிறகு நகரைத் திருத்திக் கட்டும் வேலைகூட நகராட்சிக்குக் கிடைக்கவில்லை. 1912இல் அதற்கென நிஜாம் அரசு தனி வாரியம் அமைத்துவிட்டது.

நாற்காலியின் அதிர்ஷ்டம், முதலில் அமர்ந்தவர் மாடபாடி ஹனுமந்தராவ். வக்கீல், மிதவாதி. 1921இல் ஐதராபாத்தில் நடந்த சமூக சீர்திருத்த மாநாட்டில் ஒருவர் தெலுங்கில் பேச எழுந்தபோது கூட்டம் கூச்சலிட்டு உட்கார வைத்தது. அந்த அவமானத்தில் பிறந்ததுதான் ஆந்திர ஜன சங்கம்; அதைக் கட்டி வளர்த்தவர்களில் முதல் வரிசைக்காரர் மாடபாடி. உருது கோலோச்சிய ராஜ்யத்தில், 1928இல் தெலுங்குப் பெண்பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் தொடங்கினார். நாராயண்குடாவில் இன்றும் அது அவர் பெயரில் இருக்கிறது. கூட்டம் போடவே அரசு அனுமதி வேண்டியிருந்த காலத்தில் மனுப் போட்டு, காத்திருந்து, மறுபடி மனுப் போட்டவர். அந்தப் பொறுமை இளைஞர்களுக்குப் பிடிக்கவில்லை. அந்தச் சங்கத்திலிருந்து வளர்ந்த ஆந்திர மகாசபை 1944இல் கம்யூனிஸ்டுகளின் கைக்குப் போனது; மிதவாதிகள் பிரிந்தார்கள். அவர் வேகம் போதாது என்று சொன்னவர்கள் சொல்லட்டும். அந்தப் பள்ளிக்கூடம் ஒன்றே போதும் என்பேன்.

1954 வரை மேயராக இருந்தார். மறு ஆண்டு பத்மபூஷண் கிடைத்தது. 1960இல் செகந்திராபாத் மாநகராட்சியும் ஐதராபாத்தோடு சேர்ந்தது. 1962இல் ராணி குமுதினி தேவி முதல் பெண் மேயரானார். பிறகு நாற்காலிக்குக் கெட்ட காலம். 1970 முதல் 1986 வரை தேர்ந்தெடுத்த மன்றமே கிடையாது, அதிகாரிகள் ஆட்சிதான். நம் சென்னையும் 1973இல் மஸ்டர் ரோல் (கூலியாள் வருகைப் பதிவேடு) ஊழலில் மன்றத்தை இழந்து, 1996 வரை மேயரில்லாமல் கிடந்தது நினைவிருக்கும்.

2002இல் மட்டும் மக்கள் நேரடியாக ஓட்டுப் போட்டு தீகல கிருஷ்ணா ரெட்டியை மேயராக்கினார்கள். 2007இல் சுற்றியிருந்த 12 நகராட்சிகளையும் 8 ஊராட்சிகளையும் சேர்த்து பெருநகர மாநகராட்சி உருவானது. 2009இல் பழையபடி, மன்ற உறுப்பினர்களே மேயரைத் தேர்ந்தெடுக்கும் மறைமுகத் தேர்தல். காங்கிரசும் மஜ்லிஸ் (எம்.ஐ.எம்.) கட்சியும் பதவிக்காலத்தைப் பங்கு போட்டுக்கொண்டன. பண்டா கார்த்திகா ரெட்டிக்குப் பின் மாஜித் உசேன் அமர்ந்தார். 2020 டிசம்பர் தேர்தலில் 150 வார்டுகளில் எந்தக் கட்சிக்கும் பெரும்பான்மை இல்லை. அடுத்த பிப்ரவரியில் கத்வால் விஜயலட்சுமி மேயரானார்.

மாநில அரசு அனுப்பும் கமிஷனர் கையில் நிர்வாகம் இருக்க, மேயரையாவது மக்கள் நேரே தேர்ந்தெடுக்க விட்டிருக்கலாம். சென்னையிலும் இன்று மறைமுகத் தேர்தல்தான். அடுத்த முறை வார்டு வேட்பாளர் ஓட்டுக் கேட்டு வந்தால், யாரை மேயராக்கப் போகிறீர்கள் என்று கேட்டு வையுங்கள். அந்தப் பெயர் உங்கள் வாக்குப்பதிவு இயந்திரத்தில் பெரும்பாலும் இருக்காது.