விஸ்கான்சின் மான் வேட்டை: அருகும் வேட்டையாளர், அடைபடும் நிலம்

அமெரிக்காவின் வடக்கே, பேரேரிகளை ஒட்டி அமைந்த விஸ்கான்சின் மாநிலத்தில் ஒவ்வொரு நவம்பரிலும் ஒன்பது நாள் துப்பாக்கி மான் வேட்டை நடக்கிறது. நன்றி நவிலல் பண்டிகைக்கு முந்தைய சனிக்கிழமை விடியலில் அது தொடங்கும். வேட்டைக்குரியது வெண்வால் மான். 1990இல் இந்த வேட்டைக்கு ஏறத்தாழ 7 லட்சம் பேர் உரிமம் வாங்கினார்கள். அண்மை ஆண்டுகளில் அந்த எண்ணிக்கை ஐந்தரை லட்சத்தை ஒட்டி நிற்கிறது. இதே காலத்தில் மாநிலத்தின் மக்கள்தொகை 49 லட்சத்திலிருந்து 59 லட்சமாக உயர்ந்தது. மான்களுக்கும் பஞ்சமில்லை.

வேட்டையாளர்கள் மூப்படைந்தார்கள், பிள்ளைகள் நகரத்துக்குப் போனார்கள், மான்களுக்கு நோய் வந்தது. இவையெல்லாம் மெய்யான காரணங்களே. ஆனால் இவற்றுக்கு அடியில் இன்னொன்று இருக்கிறது. மான் யாருடையது என்ற கேள்விக்கு அமெரிக்கச் சட்டம் தெளிவான விடை வைத்திருக்கிறது. அந்த மான் மேயும் நிலத்தில் யார் கால் வைக்கலாம் என்ற கேள்விக்கோ காலத்துக்கு ஒரு விடை சொல்லிவந்திருக்கிறது. விஸ்கான்சின் வேட்டையின் ஏற்றமும் இறக்கமும் பெரும்பாலும் இந்த இரண்டாம் கேள்வியின் வரலாறுதான்.

பொதுச் சொத்தான மான்

இங்கிலாந்தில் 1671ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, ஆண்டுக்கு 100 பவுண்டு வருமானம் தரும் நிலம் உள்ளவர்களே வேட்டையாடலாம். 1723இல் வந்த கறுப்புச் சட்டம் மான் திருட்டுக்குத் தூக்குத் தண்டனை விதித்தது. கடல் கடந்து குடியேறியவர்கள் இந்த முறையை வெறுத்தார்கள். வெர்மான்ட்டின் 1777ஆம் ஆண்டு அரசியல் சாசனம், வேலியிடப்படாத பிறர் நிலத்திலும் வேட்டையாடும் உரிமையைக் குடிமக்களுக்கு எழுதிக் கொடுத்தது. 1896இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், காட்டு விலங்குகள் மாநில மக்களின் பொது உடைமை, அரசு அவற்றின் அறங்காவலர் என்று தீர்ப்பளித்தது.

இந்த உரிமை எல்லோரையும் ஒன்றுபோல் எட்டவில்லை. உள்நாட்டுப் போருக்குப் பின் தென் மாநிலங்களில் விடுதலை பெற்ற கறுப்பின மக்களால் வேட்டையாடியும் மீன்பிடித்தும் பண்ணைக் கூலியைச் சாராமல் பிழைக்க முடிந்தது. அதைத் தடுக்கவே பல இடங்களில் அத்துமீறி நுழைவதற்கு எதிரான சட்டங்கள் இறுக்கப்பட்டன. நிலத்தை மூடுவது ஒருவரை மானிடமிருந்து மட்டுமல்ல, சுதந்திரத்திடமிருந்தும் விலக்கிவைக்கும் என்பதற்கு இதைவிடக் கசப்பான சான்று வேண்டியதில்லை.

விஸ்கான்சினின் வடக்குப் பகுதியில் இந்தக் கதைக்கு இன்னும் பழைய அடுக்கு உண்டு. அந்தக் காடுகள் ஒஜிப்வே மக்களுடையவை. 1837, 1842 உடன்படிக்கைகளில் அவர்கள் நிலத்தைக் கொடுத்தாலும் அதில் வேட்டையாடும் உரிமையைக் கைவிடவில்லை. ஆனால் மாநிலம் அதை நெடுங்காலம் மதிக்காமல், வேட்டைக்குப் போனவர்களைத் தண்டித்தது. 1983இல்தான் கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்த உரிமை உயிரோடிருப்பதாகத் தீர்ப்புச் சொன்னது. அதிலும் ஒரு வரம்பு வந்தது: தனியாருக்குப் போய்விட்ட நிலம் அந்த உரிமைக்குள் அடங்காது. ஆக, பொது நிலம் எவ்வளவு மிஞ்சியிருக்கிறதோ அவ்வளவே ஒஜிப்வே வேட்டையாளரின் வெளி.

தோற்ற வயல்கள் காடான கதை

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் வடக்கு விஸ்கான்சினின் வெள்ளைப் பைன் காடுகள் வெட்டித் தீர்க்கப்பட்டன. மரம் வெட்டும் முகாம்களுக்கு மான் இறைச்சி தேவைப்பட்டது. இருப்புப்பாதை வந்ததும் வணிக வேட்டைக்காரர்கள் சுட்ட மான்கள் சிகாகோ சந்தைக்குப் போயின. 1851இலேயே மான் வேட்டைக்குத் தடைக்காலம் விதிக்கப்பட்டிருந்தது. அதைக் காப்பார்தான் இல்லை. 1897இல் உள்ளூர்வாசிக்கு ஒரு டாலர் கட்டணத்தில் உரிமம் வந்தது, ஆளுக்கு இரண்டு மான் என்ற அளவும் வந்தது. 1900இல் கூட்டாட்சி அரசின் லேசி சட்டம், களவாக வேட்டையாடிய விலங்குகளை மாநிலம் விட்டு மாநிலம் கடத்தி விற்பதைத் தடுத்தது. 1915இல் கொம்புள்ள ஆண்மானை மட்டுமே சுடலாம் என்றார்கள். 1925இல் ஓராண்டு விட்டு ஓராண்டுதான் வேட்டை என்றார்கள்.

மானைத் திரும்பக் கொண்டுவந்தது இந்தத் தடைகள் மட்டுமல்ல. மரம் வெட்டிய தரிசை விளைநிலம் என்று சொல்லி ஐரோப்பியக் குடியேறிகளுக்கு விற்றார்கள். மணற்பாங்கான மண், குறுகிய கோடை, எங்கும் அடிமரக் கட்டைகள். உழைத்தவர்கள் ஓய்ந்தார்கள். 1920களிலும் பெருமந்தக் காலத்திலும் ஆயிரக்கணக்கான பண்ணைகள் வரி கட்ட முடியாமல் கைவிடப்பட்டு, நிலம் கவுண்டி (மாவட்ட) நிர்வாகங்களின் கைக்கு வந்தது. 1927இல் காட்டுப் பயிர்ச் சட்டம் நிறைவேறியது. நிலத்தில் மரம் வளர்ப்பவருக்கு வரிச்சலுகை உண்டு, பதிலுக்கு அவர் பொதுமக்களை வேட்டைக்கும் மீன்பிடிக்கும் உள்ளே விட வேண்டும். இருபதாம் நூற்றாண்டின் ஆகச் சிறந்த நில ஒப்பந்தங்களில் ஒன்றாக இதைச் சொல்லலாம். 1933இல் ஒனைடா கவுண்டி, எந்த நிலத்தில் வேளாண்மை செய்யலாம், எதைக் காடாக விட வேண்டும் என்று வரையறுத்து, நாட்டின் முதல் ஊரக நிலப்பயன்பாட்டு விதியை இயற்றியது. அதே ஆண்டில் செக்வாமகன், நிகொலே தேசியக் காடுகளும் உருவாயின.

இன்று கவுண்டிக் காடுகளின் பரப்பு ஏறத்தாழ 24 லட்சம் ஏக்கர். எல்லாம் பொது வேட்டைக்குத் திறந்தவை. விஸ்கான்சின் வேட்டையாளருக்கு வாய்த்த பொது நிலத்தின் பெரும்பகுதி, ஏதோ ஒரு குடும்பம் உழுது தோற்ற மண் என்பதை மறக்கலாகாது. அந்த மண்ணில் மீண்டும் முளைத்த ஆஸ்பன் கன்றுகளும் புதர்களும் மானுக்கு விருந்தாயின. மான் கூட்டம் பெருகிக் காட்டையே மேய்ந்து தீர்க்கத் தொடங்கியது.

1943இல் மாநில இயற்கைவளப் பாதுகாப்பு ஆணையத்தில் உறுப்பினரானார் ஆல்டோ லியோபோல்ட். விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் வனவிலங்கு மேலாண்மைப் பேராசிரியராக இருந்தவர். பட்டினியில் மான் சாவதைவிடப் பெண்மானையும் சுட்டுக் குறைப்பதே மேல் என்று வாதாடினார். அந்த ஆண்டு பெண்மான் வேட்டை அனுமதிக்கப்பட்டு ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மான்கள் வீழ்ந்தன. ஆண்மான் மட்டுமே என்று பழகிய ஊர்கள் கொதித்தன. அதை ‘43ஆம் ஆண்டுக் குற்றம்’ என்றே வேட்டையாளர்கள் நெடுநாள் பேசினார்கள். லியோபோல்டின் கணிப்பே சரி என்று பின்னர் பல குளிர்காலங்கள் காட்டின.

நிலத்தில் நுழையும் உரிமை பற்றி அவர் சொன்னது இதைவிடக் குறைவாகவே நினைவுகூரப்படுகிறது. அவர் தலைமையில் உருவான 1930ஆம் ஆண்டின் அமெரிக்க வேட்டை விலங்குக் கொள்கை, தனியார் நிலத்தில் வாழும் பொது விலங்குக்கு நிலக்காரரே காவலர், பொறுப்பற்ற வேட்டையாளரிடமிருந்து அவரைக் காத்து, அவருக்குப் பலனும் தர வேண்டும் என்றது. 1931இல் டேன் கவுண்டியின் ரைலி ஊரில் அவரே அதைச் செய்து பார்த்தார். நகரத்து வேட்டையாளர்கள் பறவைகளுக்கும் தீனிக்கும் பணம் கொடுக்க, விவசாயிகள் நிலத்தைத் திறந்து வைத்தார்கள். சிறு முயற்சிதான். ஆனால் இன்று அரசுகள் பெரும் பணம் செலவிட்டுத் தேடும் வழி அன்றே அங்கே இருந்தது.

நிறைந்த ஆண்டுகள்

1937இல் அதிபர் ரூஸ்வெல்ட் கையெழுத்திட்ட பிட்மன்–ராபர்ட்சன் சட்டம் வேட்டைத் துப்பாக்கி, தோட்டா விற்பனையில் கிடைக்கும் வரியை வனவிலங்குப் பணிக்கென ஒதுக்கியது. மாநிலத்தின் பரப்பையும் அங்குள்ள உரிமதாரர் எண்ணிக்கையையும் வைத்தே பங்கு பிரிக்கப்பட்டது. வேட்டையாளர் பெருகப் பெருக மாநிலத்துக்குப் பணமும் பெருகும்.

உலகப் போர் முடிந்து வீடு திரும்பியவர்களும் அவர்களுடைய பிள்ளைகளும் வேட்டையை நிறைத்தார்கள். தொழிற்சாலைத் தொழிலாளிக்கு நிலம் தேவைப்படவில்லை. தெற்கே மாமனுக்கோ நண்பருக்கோ ஒரு பால்பண்ணை இருக்கும். காலையில் வாசலில் நின்று ஒரு வார்த்தை கேட்டால் போதும். பத்துப் பன்னிரண்டு பேர் வரிசையாக நடந்து ஓடையோரப் புதரிலிருந்து மானைக் கலைப்பார்கள், மறுமுனையில் சிலர் காத்திருப்பார்கள். ஒரே நாளில் நான்கைந்து பண்ணைகளைக் கடந்துபோவார்கள். 2000ஆம் ஆண்டில் எல்லாப் பருவங்களும் சேர்த்து 6 லட்சத்துக்கும் மேற்பட்ட மான்கள் வேட்டையாடப்பட்டன. அதுவே உச்சம்.

கதவு மூடிய விதம்

நிலம் ஒரே நாளில் மூடப்படவில்லை. பால்பண்ணைகள் மூடப்பட்டு, 200 ஏக்கர் பண்ணை ஐந்தாறு துண்டுகளாக விற்கப்பட்டது. வாங்கியவர்களில் பலர் மேடிசன், மில்வாக்கி, சிகாகோ போன்ற நகரங்களிலிருந்து வந்தவர்கள். அவர்கள் நிலம் வாங்கியதே வேட்டைக்காகத்தான். விவசாயிக்கு மான் பயிரைத் தின்னும் தொல்லை, எவர் வந்து சுட்டாலும் நன்மை. புதிய நிலக்காரருக்கு மான்தான் நிலத்தின் மதிப்பு.

சட்டமும் அதே திசையில் நகர்ந்தது. முன்பு ‘நுழையாதே’ என்று பலகை வைத்தால்தான் நுழைவது குற்றம். 1990களின் நடுவில் திருத்தப்பட்ட சட்டம் பலகை இல்லாவிட்டாலும் அனுமதியின்றி நுழைவதைக் குற்றமாக்கியது. மௌனம் சம்மதமாக இருந்த நாட்டில் மௌனம் மறுப்பானது. 1927 சட்டத்துக்குப் பதிலாக 1985இல் வந்த நிர்வகிக்கப்பட்ட காட்டுச் சட்டம், ஏக்கருக்குச் சற்றுக் கூடுதல் வரி கட்டினால் நிலத்தைப் பொதுமக்களுக்கு மூடிக்கொள்ளலாம் என்றது. அப்படி மூடக்கூடிய பரப்பின் வரம்பு 2016இல் 320 ஏக்கராக உயர்த்தப்பட்டது. வரிச்சலுகை என்பது பொதுமக்கள் விட்டுக்கொடுத்த பணம். அதைப் பெறுபவர் கதவையும் மூடலாம் என்றது பழைய ஒப்பந்தத்தின் நேர்மையைக் குலைத்துவிட்டது.

வேட்டை முறையும் மாறியது. துண்டு நிலத்தில் கலைத்து ஓட்ட முடியாது. ஓடும் மான் அடுத்தவர் எல்லைக்குப் போய்விடும். எனவே பரண் கட்டி உட்கார்ந்தார்கள். சோளம் கொட்டியும் தீவனப் பயிர் விதைத்தும் மானைத் தம் எல்லைக்குள் நிறுத்தினார்கள். மாநில நிலத்தில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்குதான் பொது நிலம். அதுவும் பெரும்பாலும் வடக்கே, கடுங்குளிரும் ஓநாயும் உள்ள பெருங்காட்டில். மான் அடர்ந்திருப்பதோ நடுவிலும் தெற்கிலும் உள்ள தனியார் பண்ணை நிலத்தில். பெரும்பாலான வேட்டையாளர்கள் குடியிருப்பதும் தெற்கேதான்.

2004 நவம்பரில் சாயர் கவுண்டியில் தனியார் நிலத்துப் பரண் ஒன்றில் இருந்தவரை வெளியேறச் சொன்னதில் மூண்ட தகராறில் ஆறு வேட்டையாளர்கள் சுட்டுக்கொல்லப்பட்டனர். சுட்டவர் லாவோஸிலிருந்து அகதியாக வந்த ஹ்மாங் இனத்தவர். ஆயுள் தண்டனை பெற்றார். பழி ஒரு சமூகம் முழுவதன் மீதும் விழுந்தது. 2007இல் பொது நிலம் ஒன்றில் அணில் வேட்டைக்குப் போன ஹ்மாங் இளைஞர் கொல்லப்பட்டார். சொந்த நிலமோ நிலமுள்ள உறவினரோ இல்லாத ஹ்மாங் குடும்பங்கள் பொது நிலத்தையே நம்பியிருந்தன என்பதால் அந்த அச்சம் அவர்களை ஆழமாகத் தாக்கியது.

நோயும் முதுமையும்

2002 பிப்ரவரியில் மவுண்ட் ஹோரெப் அருகே சுடப்பட்ட மூன்று மான்களில், மூளையைச் சிதைத்து உடலை உருக்கும் நாட்பட்ட நலிவு நோய் கண்டறியப்பட்டது. 1967இல் கொலராடோவில் முதலில் தென்பட்ட நோய் இது. 2002இல் உரிம விற்பனை ஏறத்தாழ 10 விழுக்காடு சரிந்தது. நோய்ப் பகுதியில் மான்களை முற்றாக ஒழிக்க அரசு திட்டமிட்டது. ஆனால் அங்குள்ள நிலம் பெரும்பாலும் தனியாருடையது, நிலக்காரர்களில் பலர் உடன்படவில்லை. திட்டம் கைவிடப்பட்டது, நோய் பரவியது. பொது உடைமையான விலங்கை அரசே போய் அடைய முடியாமல் நின்றது அப்போதுதான்.

போருக்குப் பின் பிறந்த பெருந்தலைமுறை இப்போது பரண் ஏற முடியாத வயதை எட்டுகிறது. அடுத்த தலைமுறை அந்த அளவில் வரவில்லை. நாடு முழுவதும் இதுவே நிலை. கூட்டாட்சிக் கணக்கெடுப்பின்படி, 2011இல் 1 கோடியே 9 லட்சமாக இருந்த மான் வேட்டையாளர் தொகை 2016இல் 81 லட்சம். 2020இன் பெருந்தொற்று ஆண்டில் சற்றே ஏறி, பின் மீண்டும் தளர்ந்தது. மாநில வனவிலங்குப் பணிக்கான செலவு பெரிதும் உரிமக் கட்டணத்தில்தான் நடக்கிறது. துப்பாக்கி வேட்டை உரிமத்தின் உள்ளூர்க் கட்டணமான 24 டாலர் 2005இல் வைக்கப்பட்டு, ஏறத்தாழ இருபது ஆண்டுகள் அப்படியே இருந்தது. ஆள் குறைந்தால் பணம் குறைகிறது. மான் மிகுந்தால் ஹெம்லாக் கன்றும் காட்டு மலர்களும் முளையிலேயே மேயப்படுகின்றன.

திறக்கும் முயற்சிகள்

ஆளைச் சேர்க்கும் வழிகள் பல பார்க்கப்பட்டன. 2014இல் குறுக்குவில்லுக்குத் தனிப் பருவம் வந்தது. 2017இல் வழிகாட்டியுடன் வேட்டையாடும் சிறார்க்கான வயது வரம்பு நீக்கப்பட்டது. பெண்களின் பங்கு கூடியிருக்கிறது. இது நம்பிக்கை தரும் மாற்றம்.

நிலத்தின் பக்கம் முயற்சி மெதுவாகவே நடக்கிறது. 1989இல் தொடங்கிய நோல்ஸ்–நெல்சன் திட்டம் அரசுப் பணத்தில் காடும் ஈரநிலமும் வாங்கியது. அப்படி வாங்கும் நிலம் வேட்டை முதலியவற்றுக்குத் திறந்திருக்க வேண்டும் என்ற விதி 2007இல் வலுப்பட்டது. கன்சாஸ் மாநிலம் 1995இல் தொடங்கிய திட்டத்தில் விவசாயிகளுக்குக் குத்தகை கொடுத்து 10 லட்சம் ஏக்கருக்கும் மேல் திறந்திருக்கிறது. 2008ஆம் ஆண்டுக் கூட்டாட்சி வேளாண் சட்டம் இத்தகைய குத்தகைகளுக்கு 5 கோடி டாலர் ஒதுக்கியது. விஸ்கான்சினும் அதில் பங்கு பெற்று, நிலக்காரருக்கு ஏக்கர் கணக்கில் வாடகை கொடுத்து, வேட்டையாளர் நடந்து நுழைய வழி செய்துவருகிறது. குத்தகை சில ஆண்டுகளுக்கே. அது முடிந்ததும் நிலத்தை மீண்டும் திறப்பதா மூடுவதா என்பது நிலக்காரரின் விருப்பம்.