உயர்கல்விக்கான நிதியுதவிகள் (வன்னி)

இலங்கையில் 1945 முதல் அரச பல்கலைக்கழகங்களில் கற்பிப்புக்கட்டணம் இல்லை. ஆகவே வவுனியாவின் பூவரசங்குளத்துப் பிள்ளைக்கு இடம் கிடைத்தபின் வீட்டார் போடும் கணக்கு வாடகை, சாப்பாடு, பஸ் காசு பற்றியது. மன்னார் வீதியில் அயலூரான பம்பைமடுவில் வவுனியாப் பல்கலைக்கழகம் இருக்கிறது (2021இல் தனிப் பல்கலைக்கழகமானது). அங்கே இடம் கிடைத்தால் வீட்டிலிருந்தே போய்வரலாம். பேராதனை என்றால் செலவு வேறு. எந்த வளாகம் என்பதைப் பிள்ளையின் விருப்பமும் உயர்தரப் பரீட்சையின் இசட் புள்ளியும் சேர்ந்தே தீர்மானிக்கும்.

இச்செலவுக்கான உதவிகளில் முதன்மையானது மகாபொல புலமைப்பரிசில். லலித் அத்துலத்முதலி வர்த்தக அமைச்சராயிருந்தபோது, 1981ஆம் ஆண்டின் 66ஆம் இலக்கச் சட்டத்தால் இதன் நிதியம் அமைந்தது. கண்காட்சி, லொத்தர் வருமானத்தால் அது திரட்டப்பட்டது. திறமைக்கும் வறுமைக்கும் தனித்தனிப் பிரிவுகள் உண்டு. மகாபொல கிடைக்காதவர்களில் வருமானம் குறைந்தோருக்கு ‘பர்சரி’ எனும் உதவுதொகை. இரண்டையும் ஒருசேரப் பெறமுடியாது. 2025 வரவுசெலவுத் திட்டம் மகாபொலவை மாதம் 5,000 ரூபாயிலிருந்து 7,500 ஆகவும், உதவுதொகையை 4,000இலிருந்து 6,500 ஆகவும் உயர்த்தியது. அறை வாடகையும் மூன்று வேளைச் சாப்பாடும் இதற்குள் அடங்கா.

இவற்றுக்கு விண்ணப்பிக்கையில், வருமானத்தை உறுதிப்படுத்தும் பத்திரத்துக்குக் கிராம அலுவலரிடம் போகவேண்டும். மாதச்சம்பளம் இல்லாத வயற்காரருக்கும் கூலியாளருக்கும் சிக்கல் இங்கேதான்: பருவத்துக்குப் பருவம் மாறும் வரவை ஒற்றை எண்ணாக எழுதவேண்டும்.

உயர்தரம் சித்தியடைந்தும் அரச பல்கலைக்கழக இடம் கிடைக்காதோருக்கு, அங்கீகரிக்கப்பட்ட தனியார் நிறுவனங்களில் படிக்க 2017 முதல் வட்டியில்லா மாணவர் கடன் உண்டு. இது கடன், முதலைத் திருப்பிக் கட்டவேண்டும்.