'மேரேஜ் கவுன்சலர்' ஆக என்ன படிக்கணும்? சேர்றதுக்கு முன்னாடியும், போறதுக்கு முன்னாடியும் தெரிஞ்சுக்கோங்க!

ஃப்ரெண்ட்ஸ் கேங்ல யாருக்காவது லவ் சண்டைன்னா, முதல் போன் உங்களுக்குத்தான் வருதா? அக்காவும் மாமாவும் பேசாமல் இருந்தால், நடுவில் நின்று சேர்த்துவைக்கிறதும் நீங்கதானா? அப்படின்னா, 'நீ பேசாம கவுன்சலர் ஆகிடேன்' என்று யாராவது ஒருத்தர் நிச்சயம் சொல்லியிருப்பாங்க. உங்களுக்கும், 'ஏன் ஆகக் கூடாது?' என்று தோன்றியிருக்கும்.

இல்லையென்றால், நீங்கள் அந்தப் பக்கம் இருக்கலாம். கல்யாணமாகி ஒரு வருஷம்தான் ஆகியிருக்கும். அதற்குள் தினமும் ஒரே சண்டை. யாரிடமாவது போய்ப் பேசலாம் என்று போனை எடுத்துத் தேடினால், 'ரிலேஷன்ஷிப் கோச்', 'மேரேஜ் எக்ஸ்பர்ட்', 'கப்புள் கவுன்சலர்' என்று வரிசையாக வந்து நிற்கும். இதில் யார் உண்மையிலேயே படித்தவர், யார் ரீல்ஸ் மட்டும் போடுபவர்?

இரண்டு பேருக்குமே விடை ஒரே இடத்தில்தான் இருக்கிறது. திருமண, குடும்ப தெரபிஸ்ட் ஆக என்ன பயிற்சி வேண்டும் என்று தெரிந்தால் போதும். படிக்கப் போகிறவருக்கு வழி தெரியும். உதவி தேடுகிறவருக்கு, யாரிடம் போகக் கூடாது என்று தெரியும்.

பஞ்சாயத்து வேற... தெரபி வேற!

நம் வீடுகளில் புருஷன் பொண்டாட்டி சண்டை வந்தால், பெரியவங்க உட்கார்ந்து பேசுவாங்க. யார் மேல தப்பு என்று பார்த்து, 'நீ கொஞ்சம் விட்டுக்கொடு, நீ கொஞ்சம் அனுசரிச்சுப் போ' என்று தீர்ப்பு சொல்வாங்க. நல்ல மனசோடு செய்வதுதான். ஆனால், அது தெரபி கிடையாது.

ஒரு சின்ன உதாரணம். கணவர் லேட்டாக வருகிறார். மனைவி, 'ஏன் இவ்ளோ நேரம்?' என்கிறார். அவர் பதில் சொல்லாமல் போனை எடுத்துக்கொள்கிறார். இவர் குரல் உயர்கிறது. அவர் எழுந்து மொட்டை மாடிக்குப் போய்விடுகிறார். கேட்டால், 'அவர் பேசவே மாட்டேங்கிறார், அதனாலதான் கத்துறேன்' என்பார் மனைவி. 'அவ கத்துறா, அதனாலதான் பேசுறதில்ல' என்பார் கணவர். இரண்டுமே உண்மை!

பஞ்சாயத்து இதில் ஒருவரைக் குற்றவாளி ஆக்கும். பயிற்சி பெற்ற தெரபிஸ்ட், இருவரையும் சுற்றவைக்கும் அந்த வட்டத்தைப் பார்ப்பார். கத்தலுக்குப் பின்னால், 'நான் உனக்கு முக்கியமில்லையோ' என்ற பயம் இருக்கலாம். மௌனத்துக்குப் பின்னால், 'எதைச் சொன்னாலும் தப்பாகிடுது' என்ற சோர்வு இருக்கலாம். அதை இருவரும் ஒருவருக்கொருவர் சொல்லும்படி செய்வதுதான் வேலை. கேட்க ஈஸியாக இருக்கும். ஆனால், எதிரில் இருவர் கத்திக்கொண்டிருக்கும்போது எந்தப் பக்கமும் சாயாமல் உட்கார்ந்திருப்பதற்கே வருஷக்கணக்கில் பழக வேண்டும்.

குடும்பமே சேர்ந்து அட்மிட்!

ஒருவரின் மனப் பிரச்னையை அவருடைய குடும்பத்தோடு சேர்த்துப் பார்க்க வேண்டும் என்ற எண்ணம் 1950-களில் வலுப்பெற்றது. அமெரிக்காவின் தேசிய மனநல நிறுவனத்தில் மர்ரே போவன் என்ற மனநல மருத்துவர், நோயாளிகளை அவர்களுடைய குடும்பத்தோடு வார்டில் தங்கவைத்து ஆராய்ந்தார். பிறகு வந்த சால்வடார் மினுச்சின், வர்ஜீனியா சட்டீர் போன்றவர்கள் குடும்ப சிகிச்சையைத் தனித்துறையாக வளர்த்தார்கள்.

நம் நாடும் இதில் சளைத்ததில்லை. அதே 1950-களில், அமிர்தசரஸ் மனநல மருத்துவமனையில் டாக்டர் வித்யாசாகர், நோயாளிகளின் உறவினர்களை வளாகத்திலேயே கூடாரங்களில் தங்கவைத்து சிகிச்சையில் சேர்த்துக்கொண்டார். வேலூர் சி.எம்.சி-யின் மனநல மையமும், நோயாளியோடு குடும்பத்தினரும் தங்கும் முறையை ஆரம்ப காலத்திலேயே கொண்டுவந்தது. ஆஸ்பத்திரியில் ஒருத்தர் படுத்தால் மொத்த வீடும் கூடவே வந்து உட்காரும் நம் ஊர் வழக்கம், இங்கே சிகிச்சையாகவே மாறியது.

வகுப்பில் என்ன சொல்லித்தருவாங்க?

முதலில் வருவது ஜீனோகிராம். மூன்று தலைமுறைக் குடும்பத்தை ஒரே தாளில் வரையும் வரைபடம் இது. யார் யாருக்கு என்ன உறவு என்பதோடு, யாருக்கும் யாருக்கும் பேச்சுவார்த்தை இல்லை, யார் குடித்தார்கள், யாருடைய மரணத்தைப் பற்றி வீட்டில் யாருமே பேசுவதில்லை என்பது வரை குறிப்பார்கள்.

இதில் ஒரு ட்விஸ்ட். பல பயிற்சிகளில், மாணவர் முதலில் வரைய வேண்டியது அவருடைய சொந்தக் குடும்பத்தை! அப்பாவின் கோபத்தைப் பார்த்து வளர்ந்த ஒருவர், நாளை தெரபிஸ்ட்டாக உட்காரும்போது, குரல் உயர்த்தும் எந்த ஆணையும் வில்லனாகவே பார்க்க வாய்ப்பிருக்கிறது. நம் காயம் எங்கே இருக்கிறது என்று நமக்கே தெரியாவிட்டால், அதை எதிரில் இருப்பவர் மேல் இறக்கிவைத்துவிடுவோம்.

அடுத்து, சிகிச்சை முறைகள். சூ ஜான்சன் உருவாக்கிய உணர்வை மையப்படுத்தும் தெரபி, தம்பதிக்கு இடையிலான பாதுகாப்பு உணர்வை மீட்பதில் கவனம் செலுத்துகிறது. ஜான் காட்மேன், தம்பதிகள் பேசிக்கொள்வதைப் பல வருடங்கள் ஆராய்ந்து, உறவை அரிக்கும் நான்கு பழக்கங்களைச் சொன்னார். குணத்தையே குறை சொல்வது, இளக்காரம் செய்வது, எதைச் சொன்னாலும் தற்காத்துக்கொள்வது, சுவர் மாதிரி பேசாமல் இருந்துவிடுவது. இதில் இளக்காரம்தான் மிக ஆபத்தானது என்பது அவர் கணிப்பு.

மூன்றாவது, ரகசியம் காப்பது. தனியாகப் பேசும்போது, 'எனக்கு வேற ஒருத்தரோட பழக்கம் இருக்கு, அவகிட்ட சொல்லிடாதீங்க' என்று கணவர் சொன்னால் என்ன செய்வது? சொன்னாலும் சிக்கல், மறைத்தாலும் சிக்கல். அதனால், தனியே சொல்லும் விஷயங்களை எப்படிக் கையாள்வோம் என்று முதல் சந்திப்பிலேயே இருவரிடமும் பேசி வைத்துவிட வேண்டும் என்று கற்றுத்தருகிறார்கள்.

நான்காவதுதான் உயிர் சம்பந்தப்பட்டது. அடி, மிரட்டல் இருக்கும் உறவில், இருவரையும் ஒன்றாக உட்காரவைத்து, 'மனசுல இருக்கறதைச் சொல்லுங்க' என்று சொல்லக் கூடாது. அந்த அறையில் அவர் சொல்லும் ஒரு உண்மைக்கு, வீட்டுக்குப் போனதும் அடி விழலாம். அதனால்தான் பயிற்சி பெற்றவர் ஆரம்பத்திலேயே இருவரையும் தனித்தனியாகச் சந்தித்து, பயம் இருக்கிறதா என்று கேட்டுவிடுவார். இருந்தால், முதல் வேலை பாதுகாப்பு. சேர்த்துவைப்பதைப் பற்றிய பேச்சே அப்போது கிடையாது. பயிற்சி இல்லாதவர் சொல்லும் ஒரு 'அட்ஜஸ்ட் பண்ணிக்கோம்மா' எங்கே கொண்டுபோய் விடும் என்று யோசித்துப் பாருங்கள்.

கண்ணாடிக்குப் பின்னால் ஒரு ஆசிரியர்!

டிரைவிங் ஸ்கூல் காரில் பக்கத்து சீட்டுக்காரர் காலடியிலும் ஒரு பிரேக் இருக்கும் இல்லையா? தெரபி பயிற்சியில் அதுதான் சூப்பர்விஷன். மாணவர் உண்மையான குடும்பங்களைச் சந்திப்பார். அனுபவமுள்ள தெரபிஸ்ட் ஒருவர், சம்பந்தப்பட்டவர்களின் அனுமதியோடு, ஒருபக்கக் கண்ணாடிக்குப் பின்னால் இருந்தோ வீடியோ பதிவிலோ அதைக் கவனிப்பார். 'அந்த இடத்துல ஏன் சப்ஜெக்ட்டை மாத்தின?', 'அந்தம்மா அழுதப்போ நீ ஏன் கணவரைப் பார்த்த?' என்று நுணுக்கமாகக் கேட்பார்.

இதை எவ்வளவு சீரியஸாக எடுத்துக்கொள்கிறார்கள் என்பதற்கு கலிஃபோர்னியா ஒரு உதாரணம். திருமண, குடும்ப ஆலோசகர்களுக்கு லைசென்ஸ் என்ற சட்டம் அங்கே 1963-லேயே வந்துவிட்டது. இன்று அங்கே லைசென்ஸ் வாங்க, முதுநிலைப் பட்டத்தோடு 3,000 மணி நேரம் மேற்பார்வையில் வேலை பார்த்திருக்க வேண்டும். அதை 104 வாரங்களுக்குக் குறையாமல் செய்ய வேண்டும். தம்பதி, குடும்பம், குழந்தைகளோடு மட்டும் குறைந்தது 500 மணி நேரம். அதற்கப்புறம் தேர்வுகள். 2009-ல் மொன்டானாவும் சேர்ந்தபோது, அமெரிக்காவின் 50 மாநிலங்களிலும் இந்தத் தொழிலுக்கு லைசென்ஸ் முறை வந்துவிட்டது.

நம்ம ஊர்ல நிலைமை என்ன?

இங்கே திருமண ஆலோசகருக்கென்று அப்படி ஒரு தனி லைசென்ஸ் நடைமுறையில் இல்லை. வார இறுதி கோர்ஸ் சர்டிஃபிகேட்டோடு ஒருவர் போர்டு மாட்டினாலும், கேட்பதற்கு ஆள் இல்லை.

ஆனால், எல்லாமே கட்டுப்பாடில்லாமல் இருக்கிறது என்றும் அர்த்தமில்லை. கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட்டுகள், இந்திய மறுவாழ்வு கவுன்சிலில், அதாவது ஆர்.சி.ஐ-யில், பதிவு செய்திருக்க வேண்டும். 2021-ல் வந்த தேசிய துணை மருத்துவ மற்றும் சுகாதாரத் தொழில் ஆணையச் சட்டம், மற்ற உளவியலாளர்கள், மனநல சமூகப் பணியாளர்கள் போன்றவர்களையும் பதிவுக்குள் கொண்டுவர வழிசெய்திருக்கிறது.

குடும்ப நீதிமன்றங்களிலும் கவுன்சலர்கள் இருக்கிறார்கள். 1984-ம் வருட குடும்ப நீதிமன்றச் சட்டம், சமரசத்துக்கு வாய்ப்பிருந்தால் முதலில் அதற்கு முயலச் சொல்கிறது. ஆனால், கோர்ட் படி ஏறிய பிறகு நடக்கும் கவுன்சலிங்கும், சண்டை ஆரம்பிக்கும்போதே போகும் தெரபியும் ஒன்றில்லை.

படிக்க ஆசையா?

முதல் படி, உளவியல் அல்லது சமூகப் பணியில் இளநிலை. பிறகு, கவுன்சலிங் சைக்காலஜி, கிளினிக்கல் சைக்காலஜி, மருத்துவ மற்றும் மனநல சமூகப் பணி போன்றவற்றில் முதுநிலை. சென்னை எழும்பூரில் இருக்கும் மெட்ராஸ் ஸ்கூல் ஆஃப் சோஷியல் வொர்க் போன்ற கல்லூரிகளில் இந்த வழியில் படிக்கலாம். பெங்களூரு நிம்ஹான்ஸில் குடும்ப சிகிச்சைக்கென்றே தனி மையம் இருக்கிறது.

தபாலில் படிக்கலாம் என்று நினைத்தால், கவனம். 2025 ஜூலை - ஆகஸ்ட் கல்விப் பருவம் முதல், உளவியல் உள்ளிட்ட சுகாதாரம் சார்ந்த படிப்புகளைத் தொலைதூர, ஆன்லைன் முறையில் நடத்த யு.ஜி.சி தடை விதித்திருக்கிறது. எம்.ஃபில் பட்டமும் புதிய கல்விக் கொள்கையால் விடைபெறுவதால், கிளினிக்கல் சைக்காலஜி படிப்புகளின் அமைப்பும் மாறிவருகிறது. ஃபீஸ் கட்டும் முன், ஆர்.சி.ஐ, யு.ஜி.சி இணையதளங்களில் அன்றைய நிலவரத்தைப் பார்த்துவிடுங்கள்.

கல்லூரியில் விசாரிக்கும்போது பில்டிங்கையும் பிளேஸ்மென்ட்டையும் மட்டும் கேட்காதீர்கள். 'நேரடியா எத்தனை மணி நேரம் ஆட்களைச் சந்திக்க வைப்பீங்க? அதுக்கு யார் சூப்பர்வைசர்? அதுல குடும்பங்கள், தம்பதிகள் எவ்வளவு?' என்று கேளுங்கள். பதில் மழுப்பலாக வந்தால், வேறு கல்லூரி பாருங்கள்.

தெரபிஸ்ட்டைத் தேடுறீங்களா?

முதல் போன் காலிலேயே இந்த ஐந்தையும் கேட்டுவிடுங்கள். கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது.

1. என்ன படிச்சிருக்கீங்க, எங்கே? பதிவு எண் இருக்கா?

2. தம்பதி, குடும்ப தெரபியில் தனிப் பயிற்சி எடுத்திருக்கீங்களா? (தனிநபர் கவுன்சலிங் தெரிந்தவருக்கெல்லாம் இது தெரியும் என்று சொல்ல முடியாது.)

3. இப்பவும் யார்கிட்டயாவது சூப்பர்விஷன் எடுக்கறீங்களா? (நல்ல தெரபிஸ்ட்கள் இதைச் சொல்லக் கூச்சப்பட மாட்டார்கள்.)

4. நான் தனியா சொல்ற விஷயத்தை என்ன பண்ணுவீங்க?

5. பிரியணும்னு நாங்க முடிவெடுத்தா, உங்க நிலைப்பாடு என்ன?

கடைசிக் கேள்விக்கு, 'என்கிட்ட வந்தவங்க யாரும் பிரிஞ்சதே இல்ல' என்று பெருமையாகப் பதில் வந்தால், நன்றி சொல்லி போனை வைத்துவிடுங்கள். உங்கள் வாழ்க்கை அவருடைய ஸ்கோர் கார்டு கிடையாது.

வீட்டில் அடி, மிரட்டல் என்றால் தெரபிக்குக் காத்திருக்க வேண்டாம். பெண்களுக்கான உதவி எண் 181. மனசு சரியில்லை, யாரிடமாவது பேசினால் போதும் என்றால், டெலி மானஸ் 14416. தமிழிலேயே பேசலாம்.

சரி, கேங்ல முதல் போன் உங்களுக்கு வருகிறது என்றோமே... அந்தப் பொறுமையும் அக்கறையும் நிஜமாகவே நல்ல முதலீடு. ஆனால், அடுத்த தடவை போன் வரும்போது ஒரு டெஸ்ட் வைத்துப் பாருங்கள். தீர்ப்பு சொல்லாமல், பக்கம் சாயாமல், அட்வைஸ் கொடுக்காமல் பத்து நிமிஷம் கேட்டுக்கொண்டு மட்டும் இருக்க முடிகிறதா? கஷ்டமாக இருந்தால் கவலைப்படாதீர்கள். அதைக் கற்றுக்கொடுக்கத்தான் இவ்வளவு பயிற்சியும்!