தும்பறைப் பங்களாக்களில் குடியிருந்தோர்

ஹோட்டலாக மாறிய தோட்டத்துப் பங்களாவுக்குப் பழைய பெயர்கள் நல்ல விளம்பரம். பொகவந்தலாவையின் டியன்சின் பங்களா 1888இல் கட்டப்பட்டது. 2005இல் தொடங்கிய சிலோன் டீ ட்ரெயில்ஸ் விடுதிகளுள் அதுவும் ஒன்று. இத்தகைய வீட்டில் எந்தத் துரை எப்போது இருந்தார் என்று கேட்டால் ஓரளவு விடை கிடைக்கும். அதே காலத்தில் குசினியில் இருந்தவர் யார் என்று கேட்டால் கிடைக்காது. இந்த வேறுபாடு எப்படி உருவானது என்பதைக் கண்டிக்கு அருகே திகன அமைந்துள்ள தும்பறைப் பள்ளத்தாக்கை வைத்துப் பார்க்கலாம்.

தும்பறை கோப்பிக் காலத்திலேயே பெயர் பெற்ற நிலம். 1837இல் இலங்கை வந்த ஸ்கொட்லாந்தியரான ரொபர்ட் போய்ட் டைட்லர், யமேக்காவில் கற்ற கோப்பிச் செய்கை முறையை இங்கே பரப்பினார். திகனவுக்குப் பக்கத்துப் பல்லேகலையோடு அவர் பெயர் பிணைந்தது. 1869இல் இலைத்துரு நோய் தலைகாட்டியதும் கோப்பி சரியத் தொடங்கியது. தும்பறையில் கொக்கோ வேரூன்றியது. பயிர் மாறியபோது துரைமாரும் மாறினார்கள். அவர்களைத் தேடுவது கடினமல்ல. பெர்குசனின் இலங்கை விவரக்கொத்து தோட்டம் தோட்டமாக உரிமையாளர், முகவர், பரப்பு, பொறுப்பிலிருந்த துரை என்று அச்சிட்டுவந்தது. இறந்தவர்களை ஜே. பென்றி லூயிஸ் 1913இல் வெளியிட்ட கல்லறைக் கல்வெட்டுத் தொகுப்பில் காணலாம்.

இந்த ஆவணங்களின் குணத்தை ஒருகணம் கவனிக்க வேண்டும். அவை வீட்டைப் பதியவில்லை, பதவியையே பதிந்தன. துரையின் மனைவி கூட அவற்றில் அரிதாகவே தென்படுகிறார். அப்பு, ஆயா, பங்களாப் பொடியன், தோட்டக்காரன் ஆகியோருக்கு அங்கே இடமே இல்லை. பெரிய துரை சில ஆண்டுகளில் இடம் மாறிப் போய்விடுவார். அப்புவோ அடுத்தடுத்து வரும் துரைமாருக்கும் சமைப்பார். குடியிருந்த காலத்தை அளவுகோலாகக் கொண்டால் பங்களா அவருடையது என்றே நான் சொல்வேன்.

தும்பறைக்கு வெளியேயும் இதே கதைதான். லூல்கந்துர தோட்டத்தில் 1867இல் தேயிலைச் செய்கையைத் தொடக்கிய ஜேம்ஸ் டெயிலர் 1892இல் இறந்தார். தொழிலாளர்கள் அவரைச் சாமி துரை என்று அழைத்ததாகவும், பன்னிரண்டு பேர் கொண்ட இரு அணிகள் மாறிமாறிச் சுமந்து உடலைக் கண்டிக்குக் கொண்டுவந்ததாகவும் சொல்வார்கள். மகியாவையில் அவருடைய கல்லறை இன்றும் இருக்கிறது. சுமந்த இருபத்து நான்கு பேரில் ஒருவர் பெயரையும் நாம் அறியோம்.

ஆனாலும் தொழிலாளர் எழுத்தில் அறவே இல்லை என்பது தவறு. அவர்களுக்குச் செக்ரோல் என்ற வருகைப் பதிவேடு இருந்தது. பெரட்டுக்களத்தில் பேர் போட்டவர்கள் நாள்தோறும் அதில் பதிவானார்கள். பற்றும் கடனும் கணக்கில் ஏறின. ஒருவர் தம்மை வேலைக்குச் சேர்த்த கங்காணியை விட்டு வேறு தோட்டம் போக, அவர் கடனைக் குறித்த துண்டு வேண்டியிருந்தது. அந்த முறை 1921இல் ஒழிக்கப்பட்டது. ஆக, தொழிலாளியின் பெயரைக் காப்பாற்றி வைத்தது கடன்தான்! இந்த ஏடுகள் தோட்ட அலுவலகங்களில் கிடந்தன. 1972, 1975 நிலச் சீர்திருத்தங்களில் தோட்டங்கள் அரசிடம் போயின. 1992க்குப் பின் நிர்வாகம் மீண்டும் தனியார் கம்பனிகளிடம் சென்றது. கைமாறும் ஒவ்வொரு முறையும் பழைய ஏடுகள் சுமையாகவே எண்ணப்பட்டிருக்கும்.

வாக்காளர் இடாப்பு நல்லதொரு மாற்றுச் சான்றாக இருந்திருக்கலாம். 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டமும் அடுத்த ஆண்டின் தேர்தல் சட்டத் திருத்தமும் மலையகத் தமிழரில் பெரும்பாலோரை அதிலிருந்து நீக்கின. 1964இன் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியா ஏற்பதென வகுத்தது. அதனால் கண்டிப் பங்களா ஒன்றின் அப்பு குடும்பத்தைத் தேடுபவர் கூடலூருக்கும் கோத்தகிரிக்கும் போக வேண்டியிருக்கும். தாயகம் திரும்பியோருக்காகத் தமிழ்நாடு அரசு 1968இல் நீலகிரியில் தேயிலைத் தோட்டத் திட்டத்தைத் தொடக்கியதை இங்கே நினைவுகூரலாம்.

ஏடுகளைப் போலவே இடங்களும் அப்படியே நிலைக்கவில்லை. திகன பிறகும் மாறியது. விக்டோரியா அணை கட்ட வந்த பிரித்தானியப் பொறியியலாளருக்காக இங்கே தனிக் குடியிருப்பு எழுந்தது. 1985இல் அணை திறக்கப்பட்டது. தெல்தெனியாப் பழைய நகரம் நீரில் மூழ்கியது. ராஜவெல்லைத் தோட்ட நிலத்தில் பின்னர் கோல்ஃப் மைதானமும் விடுதியும் வந்தன.

கம்பளை அருகே நியூ பீக்கொக் தோட்டத்தின் பழைய லயத்தில் தொழிலாளர் அருங்காட்சியகம் ஒன்று இயங்குகிறது. பங்களாவை ஹோட்டலாக நடத்துபவர்களிடம் செக்ரோலோ சம்பள ஏடோ எஞ்சியிருந்தால் அங்கேயோ தேசிய சுவடிகள் திணைக்களத்திலோ ஒரு நகலாவது ஒப்படைக்க வேண்டும். தாத்தா எந்தப் பங்களாவில் அப்புவாக இருந்தார், பாட்டி எந்தத் துரையின் பிள்ளையை வளர்த்தார் என்று வீட்டில் கேட்டறிந்தவர்கள், தோட்டத்தின் பெயரோடும் ஆண்டோடும் அதை எழுதி வையுங்கள்.